இது விளம்பரமல்ல

நல்ல பெயர் எடுப்பதற்காக நாள் முழுக்க உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று வாயையும் கையையும் கட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள் அதைவிட அதிகம். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. கெட்ட பெயரை, சொன்ன தேதியில், சொன்ன அளவில், வீடு தேடி வரவழைத்துக் கொடுக்கிற இனம். சர்ச்சை விளம்பரக்காரர் என்று பெயர். வாசகரே, இன்று நாம் பார்க்கப்போவது இவரைத்தான். கொஞ்சம் தள்ளியே நின்று பாருங்கள்.

கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது எளிது. யாராவது ஒருவர் "அநியாயம்!" என்று கத்தினால் எல்லோரும் கத்தியவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவர்தான் இவர். எதிர்பார்த்ததைவிட முன்னால் கத்தியிருந்தால் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். தாமதமாகக் கத்தியிருந்தால் அன்று மாலை அலுவலகத்தில் யாருக்கோ திட்டு விழும்.

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவர், வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் விளம்பரத் தலைவராக இருந்தார். அலுவலகத்தில் அவருக்குத் தீக்குச்சி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். கேள்விப்பட்டதும் அவரே அதை மேஜைமேல் பலகையாக எழுதி வைத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் வருத்தப்பட்டிருப்பார்கள். இவர் எழுத்தின் நிறம் சரியில்லை என்று மட்டும் வருத்தப்பட்டார்.

அவருடைய தொழில்முறை தனி. நீங்களும் நானும் தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்போம். அவர் மன்னிப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் தப்பையே யோசிக்கத் தொடங்குவார். "யார் மனமாவது புண்பட்டிருக்குமானால்" என்று ஆரம்பிக்கும் அந்த அறிக்கை, இன்ன மனம் என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டுக்கொண்டு, விளம்பரம் பிறப்பதற்கு முன்பே பிறந்து, முதலாளியின் கையெழுத்தும் வாங்கிக் காத்திருக்கும். அலுவலக ஃப்ரிட்ஜில் ஒரு கேக்கும் காத்திருக்கும். முதல் கண்டனம் வந்த நிமிடத்தில் அதை வெட்டுவார்கள். கண்டனம் வரத் தாமதமானால்? கேக் கெட்டுப்போகும். ஆகையால் "கவலையோடு ஒரு தாய்" என்ற பெயரில் பத்திரிகைகளுக்கு முதல் கண்டனக் கடிதத்தை அவரே எழுதிவிடுவார். அந்தத் தாய்க்கு இதுவரை எத்தனை குழந்தைகள் என்று அவருக்கே கணக்கில்லை.

கார்ப் பந்தய விளையாட்டு ஒன்று வந்தபோது, வேகமாக ஓட்டியதற்கு அபராதம் என்று வீட்டுக்கு வீடு போலி நோட்டீஸ் அனுப்பினார். கார் இல்லாதவர்கள்கூட அபராதம் கட்ட வரிசையில் நின்றார்கள். சண்டை விளையாட்டு ஒன்று வந்தபோது, தன் கம்பெனி வாசலிலேயே கம்பெனிக்கு எதிராகக் கோஷம் போடக் கூலிக்கு ஆள் பிடித்தார். நிஜமாகவே எதிர்ப்புத் தெரிவிக்க நாலு பேர் வந்தார்கள், பாவம். அவர்கள் கையிலிருந்த அட்டைகளில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கூலிக்காரர்களின் அட்டைகளைப் பார்த்துக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றவர்களுக்கு, தீக்குச்சியே கீழே இறங்கிவந்து நல்ல அட்டைகளாக நாலு கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவரிடம்தான் 'ஊர்விழுங்கி' வந்து சேர்ந்தது. ஒரு நகரம் தன்னுடைய மனிதர்களை ஒவ்வொருவராக விழுங்கும். ஆடுகிறவர் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. சுமாரான விளையாட்டு என்று அதைச் செய்தவர்களே சொன்னார்கள். தீக்குச்சி கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். மறு வாரம் நகரத்துச் சுவர்களில் அந்த நோட்டீஸ் முளைத்தது.

'காணவில்லை' என்று மேலே பெரிய எழுத்து. நடுவில் ஒரு பெண்ணின் முகம். கம்ப்யூட்டரில் செய்த முகம். ஆனால் பார்த்தால் எங்கேயோ பார்த்தமாதிரி இருக்கும், பக்கத்து மாடியில் துணி உலர்த்துகிற பெண்ணைப் போல. கீழே ஒரு தொலைபேசி எண். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இது விளம்பரமல்ல.' அந்த எண்ணைக் கூப்பிட்டால் ஒரு பெண் விம்மி விம்மி அழுவாள். ரொம்ப நேரம் அழுவாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் கடைசியில் ஒரு கனத்த ஆண் குரல், "ஊர்விழுங்கி. வெள்ளிக்கிழமை முதல்" என்று சொல்லும்.

கேக் அன்று காலையிலேயே வெட்டப்பட்டது. காவல் நிலையங்களுக்கு அழைப்பு குவிந்தது. நிஜமாகவே ஆளைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் குடும்பங்கள் சில சேர்ந்து, இது என்ன விளையாட்டு என்று கேட்டு அறிக்கை விட்டன. அவர்களுடைய அறிக்கையைப் படித்த முதலாளி, "நாம எழுதின கண்டனத்தைவிட நல்லா இருக்கேய்யா!" என்றார். காலியிடத்தை நிரப்பி மன்னிப்பும் மாலையில் வெளியானது.

வெளியே இவ்வளவு பெரிய ஆளுக்கு வீட்டில் என்ன மரியாதை என்று கேட்பீர்கள். மனைவி மருந்துக் கடை நடத்துகிறவர். எந்த மாத்திரைக்கு என்ன பக்கவிளைவு என்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிற தொழில். ஆகவே கணவரின் தொழிலைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. மனைவியின் அப்பா, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், இவர்களோடு இருந்தார். நடுவில் மாட்டிக்கொண்ட ஆட்களைப் பேசித் தைரியம் சொல்லி வெளியே எடுத்து எடுத்துப் பழகியவர். எங்கேயாவது யாராவது தவித்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. உடம்பில் சர்க்கரை வேறு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றிக் கீழே விழுந்துவிடுவார்.

அவர் தினமும் சாப்பாட்டு மேஜையில் மருமகனிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"மாப்பிள்ளை, அந்தப் பொண்ணு கெடைச்சாளா?"

"மாமா, அது சும்மா விளம்பரம்."

"விளம்பரமல்லன்னு போட்டிருக்கே கீழ?"

"அப்படிப் போடறதுதான் மாமா விளம்பரமே."

"நான் போன் பண்ணினேன். அழுவுறா மாப்பிள்ளை. பாதிக்கு மேல கேக்க முடியல, வச்சிட்டேன். பக்கத்துல யாருமே இல்லபோல."

தீக்குச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமனாரை உட்காரவைத்து, கடைசிவரை கேட்கவைத்து, அந்தக் கனத்த குரலையும் காதில் போட்டிருக்கலாம். நாலு நிமிடத்து வேலை. ஆனால் மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? "எங்க மாமனாரே நம்பிட்டாருன்னா பாத்துக்கோங்க!" என்று சொல்லி, கைதட்டலும் வாங்கினார். நன்றாக வேலை செய்கிற விளம்பரத்தை யாராவது நிறுத்துவார்களா?

இரண்டு நாள் கழித்து மத்தியானம் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, அப்பாவைக் காணோம். காலையில நடக்கப் போனவர் இன்னும் வரல. போனை வீட்லயே வச்சிட்டுப் போயிருக்கார். மாத்திரை மட்டும் போட்டிருக்கார், ஒண்ணும் சாப்பிடல."

"இங்கதான் எங்கயாவது இருப்பாரும்மா."

"எங்கயாவது இருந்தா எனக்கு எதுக்குங்க பயம்? நான் எல்லா இடத்துலயும் பாத்துட்டேன். மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடலன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

தீக்குச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மாமனார் அவருக்குப் பிடித்த மனிதர். சொன்ன கதைக்கெல்லாம் "அப்படியா மாப்பிள்ளை!" என்று வாயைப் பிளந்து கேட்கிறவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். தலைகால் புரியாமல், தன் பிரிவில் நோட்டீஸ் வடிவமைக்கும் பெண்ணின் மேஜைக்கு ஓடினார்.

"மாமா போட்டோ அனுப்பிட்டேன். காணவில்லைன்னு உடனே போடும்மா. பேர், வயசு, சட்டை நீலம்."

"பழைய ஃபிரேம்லயே போடட்டுமா சார்? அச்சுக்கு அளவெல்லாம் அதுலதான் ரெடியா இருக்கு."

"எதுலயாவது போடும்மா, சீக்கிரம்!"

அந்தப் பெண்ணும் பதறிப்போய், படத்தை மாற்றினாள், பெயரையும் வயதையும் மாற்றினாள். சுவரொட்டி ஒட்டும் ஆட்கள் கம்பெனியின் கையிலேயே இருந்தார்கள். எந்தத் தெருவில் எந்தச் சுவர் கண்ணில் படும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஒரு மணி நேரத்துக்குள் மாமனாரின் முகம் நகரத்தில் பாதிச் சுவரை நிறைத்துவிட்டது. வேறு எந்த மருமகனால் இது முடியும்?

தீக்குச்சியும் கையில் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஓட்டுநரிடம் நீட்டினார்.

"இவரைப் பாத்தீங்களா? எங்க மாமனார்."

"போன வாரம் பொம்பளை, இந்த வாரம் பெரியவரா?" என்றார் ஓட்டுநர். "கதை நல்லாத்தான் சார் போகுது. ஆனா அந்தப் பொண்ணை என்ன பண்ணினீங்கன்னு சொல்லாம அடுத்த ஆளுக்குப் போனா எப்படி?"

"இல்லைங்க, இது நிஜம்."

"அதான் சார் சுவாரசியமே!"

பழக்கடையில் ஒருவர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பரிசுக் கூப்பன் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். இரண்டு பேர் அவரோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அழுகையை வரவழைத்துக்கொண்டு நிற்கும் அவருடைய முகத்தை ரொம்பப் பாராட்டினார்கள். வரவழைத்துக்கொள்ளவில்லை, தானாக வருகிறது என்று எந்த வார்த்தையால் சொல்வது? 'தயவுசெய்து நம்புங்கள்' என்பதைப் பந்தய விளையாட்டுக்குச் செலவழித்தாகிவிட்டது. 'உயிர்ப் பிரச்சினை' சண்டை விளையாட்டோடு போயிற்று. அவசரத்துக்கென்று நம்மிடம் இருக்கிற வார்த்தைகளே கொஞ்சம்தான். அத்தனையையும் அவர் சுவரில் ஒட்டித் தீர்த்திருந்தார்.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி ஏற்கெனவே அவரைத் தெரிந்துவைத்திருந்தார்.

"வாங்க, நீங்கதானே அது? ஒரு வாரமா என் ஆளுங்க போனைக் கீழ வைக்கல."

"சார், இந்தத் தடவை விளம்பரமில்ல சார்."

"ஒவ்வொரு நோட்டீஸ்லயும் அதைத்தானே போடறீங்க?" என்று சொல்லி, அதிகாரி அவர் கையிலிருந்த நோட்டீஸின் அடிவரியில் விரலை வைத்தார்.

அப்போதுதான் தீக்குச்சி அந்த வரியைப் பார்த்தார். ஆயிரம் முறை பார்த்துப் பழகிய ஃபிரேம். கண் அதன் அடிப்பகுதிக்குப் போவதையே நிறுத்தியிருந்தது. 'இது விளம்பரமல்ல' அப்படியே இருந்தது. அதற்கு மேலே இருந்த எண்ணும் அப்படியே இருந்தது. மாமனாரை எங்கேயாவது பார்த்த நல்ல மனிதர்கள் அத்தனை பேரும் அந்த எண்ணைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

நிலையத்து வாசலில் நின்று அவரே அந்த எண்ணைக் கூப்பிட்டார். யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. அழுகை தொடங்கியது. ஒலிப்பதிவுக் கூடத்தில், இன்னும் கொஞ்சம் உடைந்து அழச் சொல்லி அவரே மூன்று முறை எடுக்கவைத்த அழுகை. அன்றைக்கு அதில் ஒரு குறை இருந்ததாக ஞாபகம். இப்போது கேட்டபோது குறையே தெரியவில்லை. பாதிக்கு மேல் அவராலும் கேட்க முடியவில்லை.

மனைவி இதற்குள் நோட்டீஸை ஒரு பார்வை பார்த்திருந்தார். "இந்த நம்பர் யாரோடதுங்க?" என்று போனில் கேட்டார். பதில் வராததிலேயே பதில் தெரிந்த மனுஷி அவர். சரி என்று சொல்லி வைத்துவிட்டு, கடையைப் பூட்டி, வெறுங்கையோடு தெருத்தெருவாக நடந்தார். ஒவ்வொரு கடையிலும் ஏறி, எங்கப்பாவைப் பார்த்தீர்களா என்று வாயால் கேட்டார். மாலை வெயில் இறங்கும் நேரத்தில், நாலைந்து பேருந்து நிறுத்தம் தாண்டி, ஒரு சலவைக் கடைக்குள் நுழைந்தார். கண்ணாடிக்குப் பின்னால் துணிகள் சுழன்றுகொண்டிருந்தன. அப்பா மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். சலவைக் கடைக்கார அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ அழறது நிஜமா?"

மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா," என்றார் அந்த அம்மாள். "பெரியவர் காலையில வந்தாரு, ஒரு பொண்ணு படத்தைக் காட்டி இவளைப் பாத்தீங்களான்னு கேட்டாரு. தலை சுத்துதுன்னாரு. பிஸ்கட்டும் சர்க்கரை போட்டு டீயும் குடுத்தேன். நடக்கத் தெம்பில்லன்னு இங்கயே உக்காந்துட்டாரு. மத்தியானம் பாத்தா எதிர் சுவத்துலயே இவர் படம். அந்த நம்பருக்குப் போட்டேன். ஒருத்தி அழறா. அப்புறம் ஒருத்தன் வெள்ளிக்கிழமைங்கறான். சரி, ரெண்டு பேரும் ஒரே கம்பெனி நடிகருங்கபோலன்னு விட்டுட்டேன். ஆனா நல்லாத் துண்டு மடிக்கிறாரு."

மனைவி போன் போட்டுச் சொல்லி, தீக்குச்சி மூச்சிரைக்க உள்ளே வந்தபோது மாமனார் தலை நிமிர்த்தினார். மடியில் நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்று இருந்தது. சுவரிலிருந்து ஓரம் கிழியாமல் பிரித்து எடுத்தது. கம்ப்யூட்டரில் செய்த அந்தப் பெண்ணின் முகம் அவருடைய விரல் பட்டுப் பட்டு அழுக்காகியிருந்தது.

"மாப்பிள்ளை, ரொம்ப தூரம் தேடிட்டேன். அந்தப் பொண்ணு கெடைக்கல."

தீக்குச்சி அவர் காலடியில் உட்கார்ந்தார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்ல அவருக்கே கூசியது.

"அப்படி ஒரு பொண்ணே இல்ல மாமா. நாங்களா செஞ்ச முகம். அப்படி யாருமே தொலையல."

மாமனார், லிஃப்டுக்குள் இருந்து குரல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறவர் மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தார்.

"அப்போ அழுதது யாரு?"

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு வந்து, அழுதுவிட்டு, தொண்டைக்கு வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போன பெண் என்று சொல்லலாம். உண்மைதான். அந்த உண்மையைத் தீக்குச்சியால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இந்த அழுகையை, வாசகரே, நாமும் நம்பிவிடலாம்.

மனிதர் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். திருந்தினார்! சுரண்டியும் வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த நோட்டீஸ்களைத் தானே சுரண்டி எடுத்தார். விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, 'போலி நோட்டீஸ் ஒட்டியவரின் மாமனார் நிஜமாகவே காணாமல் போனார்' என்று செய்தியாகி, ஊரே காறித் துப்பி, அதனாலேயே வெள்ளிக்கிழமை விளையாட்டு சக்கைப்போடு போட்டு, முதலாளி ஒன்றுக்கு இரண்டாகக் கேக் வெட்டியபோது, இவர் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. இனிமேல் நல்ல விளம்பரம், நாணயமான விளம்பரம் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்தார். மனைவியும் அரைகுறையாக நம்பினார்.

ஒரு மாதம் போயிற்று. 'ஊர்விழுங்கி' இரண்டாம் பாகத்தின் விளம்பரத்துக்கான கூட்டம் நடந்தது. பெரிய மேஜை, குளிரூட்டிய அறை, மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு முகங்கள். யாருக்கும் ஒரு யோசனையும் ஓடவில்லை. முதலாளி பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "என்னய்யா, தீக்குச்சி நமுத்துப் போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் வாயைத் திறக்க நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. வாய்தான் திறந்தது.

"அழுதது யார்?"

கைதட்டல் எழுந்தது. அந்த வாக்கியம் எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல சரக்கு எங்கே கிடைத்தது என்று அந்தத் தொழிலில் கேட்பதில்லை. தீக்குச்சி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வழக்கப்படி முதலில் மன்னிப்பை எழுதத் தொடங்கினார்.

மருந்துக் கடைக்கு நேர் எதிர்ச் சுவரில்தான் 'அழுதது யார்?' என்ற முதல் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மனைவி அதைப் படித்துவிட்டுக் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். அன்றே அப்பாவின் துணிமணிகளை எடுத்துப் பையில் வைத்து, தங்கை வீட்டுக்குப் போக வண்டிக்குச் சொன்னார். ஏன், எதற்கு என்று அப்பாவுக்குப் புரியவில்லை. வண்டியில் ஏறும்போது அவரும் அந்த நோட்டீஸைப் பார்த்தார். நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாம்மா," என்றார் மகளிடம், "மாப்பிள்ளையும் தேட ஆரம்பிச்சிட்டார்."

வாசகரே, உங்களுக்கு இந்நேரம் ரத்தம் கொதிக்கும். கொதிக்க வேண்டும். 'ஊர்விழுங்கி' நோட்டீஸை முதன்முதலில் பார்த்தபோதும் இப்படித்தான் கொதித்தீர்கள். உடனே அதைப் படம் எடுத்து, "இப்படியும் மனுஷங்களா!" என்று ஒரு வரி எழுதி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினீர்கள். அவர்களும் கொதித்து, ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். கம்பெனியின் ஆட்கள் ஒட்டியது சில நூறு சுவர்களில்தான். மிச்சமிருந்த வீடுகளுக்கெல்லாம், கூலி ஒரு காசு வாங்காமல், நல்ல எண்ணத்தோடு கொண்டுபோய் ஒட்டியது யார்? யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் இதை யாருக்காவது அனுப்பலாம் என்று கை பரபரத்தால், முதலில் விரலில் பசை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.